இடது பக்கம் ஆவுடை

6 ஜனவரி 2019, ஞாயிறு

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேன். டிப்போவுக்குள் வண்டியை விட்டதும், அன்று அதில் என்ன கோளாறு என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. சாயங்காலமானால் எதையாவது எழுத வேண்டும்போல் கை பரபரக்கிறது. இன்சூரன்ஸ்காரர் கொடுத்த டைரி சும்மா கிடக்கிறது, அதில் எழுதுவோம்.

புறப்பாடு காலை 7.20. கிருஷ்ணாபுரம். நானும் ஆவுடையும் மட்டும். பழைய வெள்ளை மாருதி, ஆனால் இன்ஜின் தங்கம்.

ஆவுடையைக் கட்டிக்கொண்டு முப்பத்துமூன்று வருஷமாகிறது. ஊரார் பெண்டாட்டி பிள்ளைகளையெல்லாம் குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறேன். என் பெண்டாட்டி குற்றாலத்தைப் பார்த்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நான் சீசன் ஸ்பெஷல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், அவள் தன் தங்கச்சி குடும்பத்தோடு போனாள். அதற்குத்தான் இந்தக் காரை வாங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு ஊர். மறுபேச்சு கிடையாது.

கோயில் சிற்பங்களை இரண்டு மணி நேரம் பார்த்தாள். பூவரச மரத்தடியில் புளிச்சோறும் பருப்புத் துவையலும். வீட்டில் சாப்பிடும் அதே புளிச்சோறு, வெளியில் இலையை விரித்துச் சாப்பிட்டால் ஏன் இவ்வளவு ருசிக்கிறது என்று தெரியவில்லை. சேர்ந்தது மதியம் 3.10. சாயங்காலம் கேரம். நான் ஜெயித்தேன்.

கிளம்பும்போது இடது பக்கக் கதவு கேட் தூணில் உரசிவிட்டது. தூணைக் கட்டின கொத்தனார் ஒழுங்காகக் கட்டவில்லை.

9 ஜனவரி, புதன்

காப்பி டம்ளர் தட்டிவிட்டது. மூன்று நாளில் இரண்டாவது தடவை. எங்கே வைக்கக் கூடாதோ அங்கே கொண்டுவந்து வைக்கிறாள்.

22 ஜனவரி, செவ்வாய்

பென்ஷன் ஆபீஸில் வேலை என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். தலைவலிக்குக் கண்ணாடி மாற்றலாம் என்றுதான். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தேன். நர்ஸம்மாவே ஆச்சரியப்பட்டாள்.

அப்புறம் ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சம் வரும், வரும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டு. வலது கண்ணுக்குக் கொஞ்சம் அமுக்கினேன். இடது கண்ணுக்கு ரொம்ப நேரம் வெளிச்சமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் என் மகள் வயசு. மகளாவது பெங்களூரிலிருந்து போனில்தான் அதட்டுவாள், இது நேரிலேயே அதட்டியது. கண்ணில் பிரஷர் என்றாள். காகிதத்தில் கறுப்பாக எதையோ காட்டினாள். வண்டி ஓட்டுவதைப் பற்றியும் ஏதோ சொன்னாள், வெளியே ஒரே சத்தம், சரியாகக் காதில் விழவில்லை. சொட்டு மருந்து ஒன்று. ஷேவிங் டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

27 ஜனவரி, ஞாயிறு

கூந்தன்குளம். புறப்பாடு 6.15. குளம் முழுக்க நாரைகள். வேப்பமரம், கருவேலமரம் எல்லாவற்றிலும் கூடு. ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லையாம். ஆவுடை வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கு, பாத்தியளா? நாம பாளையங்கோட்டையிலேர்ந்து வந்ததையே பெருமையா பேசிட்டு இருக்கோம்" என்றாள். நன்றாகச் சிரித்தோம்.

திரும்பும்போது மூலைக்கரைப்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் ஒரு மொபெட்காரன் இடது பக்கமிருந்து சடாரென்று முளைத்தான். பிரேக் போட்டுவிட்டேன். அவன் வண்டியைப் போட்டுவிட்டு வந்து, "அரை மைலுக்கு முன்னாலேர்ந்து ஒம்ம முன்னாலதான வே வாரேன்" என்று சண்டைக்கு நின்றான். இந்தக் காலத்து ஆட்களுக்கு ரோடு ஒழுக்கமே கிடையாது.

ஆவுடை வீடு வரைக்கும் ஜன்னலோரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

1 பிப்ரவரி, வெள்ளி

கேரமில் தோற்றேன். இடது குழிப் பக்கம் என் வெள்ளைக் காய் ஒன்று இருந்தது. இல்லை என்று நினைத்து ஆட்டம் முடிந்ததாகச் சொல்லிவிட்டேன். "இது யாரு வீட்டுக் காய்?" என்று ஆவுடை விரலால் தொட்டுக் காட்டினாள். நான் தலையைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டேதான் காட்டினாள். அப்புறம் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6 பிப்ரவரி, புதன்

சொட்டு மருந்து பிரிட்ஜில் இருக்கிறது. முட்டை வைக்கும் தட்டில், நேராக நிறுத்தி. நான் வைக்கவில்லை. குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

ஆவுடை ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு.

10 பிப்ரவரி, ஞாயிறு

மணப்பாடு. கடல் அருமை. ஆனால் ஆவுடைக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. வீட்டு வாசலில் தொடங்கினவள் கடல் வரைக்கும் வாயை மூடவில்லை. "ஆடு நிக்கி. இந்தா ஒரு சைக்கிள். மூணு பொம்பளைய கொடத்தோட வாராக. கல்லு கெடக்கு. பஸ்ஸு நிக்கி, இறங்குதாக ஆளுவ. நாயி." பத்து வருஷமாகப் பேசாமலிருந்தவள் மாதிரி.

"என்னட்டி, ரேடியோவ முழுங்கிட்டியா?" என்றேன்.

"ஊரப் பாத்தா பேசத் தோணுது. பேசக் கூடாதா?" என்றாள்.

பேசட்டும். ஊரைப் பார்க்கிற சந்தோஷம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும்.

3 மார்ச், ஞாயிறு

ஆழ்வார்திருநகரி. பேச்சு ஓயவில்லை. அவள் சொல்வதெல்லாம் இடது பக்கத்துச் சமாச்சாரம்தான். அவள் உட்கார்ந்திருப்பது அந்தப் பக்கம், அதனால் இருக்கும். முதலில் எரிச்சலாக வந்தது, இப்போது பழகிவிட்டது. பஸ்ஸிலும் இடது பக்கம் கண்டக்டர் பொறுப்புதானே. படிக்கட்டில் ஆள் தொங்குகிறானா, ஓரத்தில் மாட்டுவண்டி ஒதுங்கியிருக்கிறதா என்று அவன் பார்த்து விசில் கொடுப்பான், நான் எடுப்பேன். அவனை நம்பாமல் ஒரு நாள் வண்டி ஓட்ட முடியுமா?

கோயிலுக்குள் ஆழ்வார் இருந்த அந்தப் புளியமரத்தைச் சுற்றி வரும்போது ஆவுடை ஒரு வார்த்தை பேசவில்லை. திண்டில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். "என்ன, களச்சிட்டியா?" என்றேன். "கொஞ்சம் கண்ணு வலிக்கி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டினவன் நான், வலி அவளுக்கு.

24 மார்ச், ஞாயிறு

அருளானந்தத்தையும் கூட்டிக்கொண்டு போனோம். பத்தொன்பது வருஷம் என் பஸ்ஸில் கண்டக்டர். அம்பாசமுத்திரம் வரைக்கும் பின் சீட்டில் கடலை தின்றுகொண்டு வந்தான். ஆவுடை வழக்கம்போல ஆடு, மாடு, ஆட்டோ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பத்து மைலுக்கு அப்புறம் அவன் கடலையைத் தின்னவில்லை. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஆற்றில் குளித்துவிட்டுச் சாப்பிடும்போது, "மதினி, விசிலு ஒண்ணுதான் கொறச்சல். என்னைய விட நல்ல கண்டக்டர் நீங்க" என்றான். ஆவுடை தலையைக் குனிந்துகொண்டு தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள். நான் சிரித்தேன். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அவனுக்குச் சேரன்மகாதேவியில் சொந்தக்காரர் வீட்டில் வேலை இருக்கிறதாம், இறங்கிக்கொண்டான். "அண்ணாச்சி, நான் பஸ்ஸப் பிடிச்சு வந்துக்கிடுதேன். நீங்க மெதுவா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். அவனுக்குச் சேரன்மகாதேவியில் சொந்தக்காரர் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

7 ஏப்ரல், ஞாயிறு

வெயில். பக்கத்திலேயே சீவலப்பேரி. ஆவுடை தேர்ந்தெடுத்த ஊர். இப்போதெல்லாம் அவள்தான் ஊரையும் ரோட்டையும் சொல்கிறாள். விடிந்தும் விடியாமல் கிளப்பிவிடுகிறாள். சந்தை நாள், திருவிழா நாள் என்றால் வேண்டாம் என்கிறாள். சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போவோம் என்றேன், கூட்டம் ஆகாது என்றுவிட்டாள். இடது பக்கம் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ரோடுதான் அவளுக்குப் பிடிக்கிறது. நல்ல ரசனை.

29 ஏப்ரல், திங்கள்

கேரமில் தொடர்ந்து எட்டு நாள் ஜெயித்திருக்கிறேன். அவள் ஆட்டத்தில் முன்போல் சூடு இல்லை. என் காய் குழி ஓரத்தில் நின்றால் அவளே சுண்டுவிரலால் அதன் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஸ்ட்ரைக்கரை என்னிடம் கொடுக்கிறாள்.

12 மே, ஞாயிறு

சண்டை. "இந்த ஒரு வாரம் பஸ்ல போவமா? நீங்களும் வேடிக்கை பாத்துட்டு வரலாம்லா" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனவன், பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவதா? ஒரு சின்னக் கீறல்கூட இல்லாமல் முப்பத்தோரு வருஷம் ஓட்டியதற்குக் கலெக்டர் கையால் வாங்கிய மெடல் பீரோவில் இருக்கிறது. எடுத்து மேஜை மேல் போட்டேன். "இத விட என்ன வேணும் ஒனக்கு?" என்று கத்தினேன்.

அவள் மெடலைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தாள். நான் காலையில் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "சரி, கெளம்புங்க. முறப்பநாடு போயிட்டு வந்துருவோம்" என்றாள். போனோம். ஆற்றில் தண்ணீர் முழங்காலளவு. நான் நன்றாகக் குளித்தேன்.

23 ஜூன், ஞாயிறு

குற்றாலம். சாரல். என் பெண்டாட்டியை நானே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய் அரைமணி நேரம் நின்று நனைந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே வந்து, "போதும்யா, இந்த ஜென்மத்துக்கு இது போதும்" என்றாள். சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அவள் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தேன், எனக்கு வேறென்ன வேண்டும்?

டாக்டர் மூன்று மாதத்தில் வரச் சொல்லியிருந்தாள். போகவில்லை. மருந்து மட்டும் தவறவில்லை. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மோர் டம்ளருக்குப் பக்கத்தில் பாட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஊற்றிக்கொள்கிறேன். அது திரும்பப் போய்விடுகிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

14 ஜூலை, ஞாயிறு

மணிமுத்தாறு. புறப்பாடு 6.40. சேர்ந்தது... சேரவில்லை.

கள்ளிடைக்குறிச்சி தாண்டித் திரும்பி, வாய்க்காலைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். முதல் நாள் மழை. மேகம் மலைமேல் படுத்திருந்தது. ஆவுடை, "எரும... செங்கல்லு குமிச்சிருக்கு... பெரியவர் ஒருத்தர்... யாருமில்ல... யாருமில்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்போது மேகம் விலகியிருக்கிறது. "ஏங்க!" என்றாள். "ஏங்க, மலையெல்லாம் அருவி!" அந்தக் குரலை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. நான் மலையைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தேன். அப்புறம் அவள் பேசவில்லை. நாலைந்து விநாடி இருக்கும்.

இடது பக்கம் டப்பென்று ஒரு சத்தம்.

பத்துப் பதினொரு வயசுப் பெண் பிள்ளை. கையில் பால் தூக்குவாளி. பிள்ளை திடீரென்று உள்ளே வந்துவிட்டது.

ஆள் கூடிவிட்டார்கள். ஆவுடைதான் ஓடிப்போய்ப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் ரத்தம், இடது கை ஒரு மாதிரியாக மடங்கியிருந்தது. சேலை முழுக்கப் பால். "நான்தான் பாத்திருக்கணும். ஒரு நிமிசம் மலையப் பாத்துட்டேன். தப்பு எம்மேலதான்யா, எம்மேலதான்" என்று அழுதாள்.

"ஓட்டுனது அவரு. ஒங்க மேல என்னம்மா தப்பு?" என்று ஒருவர் கேட்டார்.

"பயத்துல பெனாத்துது பாவம்" என்றார் இன்னொருவர்.

நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க்காரர் ஒருவர்தான் என் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் நெற்றியில் மூன்று தையல், கையில் மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். பிள்ளையின் அம்மா வந்தாள், பீடி சுற்றுகிறவள், விரலெல்லாம் புகையிலை வாசம். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "பிள்ள போறது தெரியலையாய்யா ஒங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"திடீர்னு உள்ள வந்துட்டும்மா" என்றேன்.

கட்டிலில் படுத்திருந்த பிள்ளை, "நான் உள்ள வரல" என்றது.

"வாய மூடுட்டி" என்றாள் அம்மா. "ஓரமா போ, ஓரமா போன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? பராக்கு பாத்துக்கிட்டே நடந்தா இப்படித்தான்." கட்டுப் போட்ட கையோடு அந்தப் பிள்ளை ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெயர் பேச்சியம்மாள்.

15 ஜூலை, திங்கள்

மருந்து மேஜைக்கு வந்தது. ஆவுடை வரவில்லை. பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

17 ஜூலை, புதன்

மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. இன்று மத்தியானம் இலையில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பிள்ள உள்ள வந்துச்சா?" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"அது செய்யாத தப்புக்கு அது ஏச்சு வாங்குது. கை சரியாயிரும். ஆனா இனிமே எப்பவும் அவ அம்மா அவள அப்படித்தான் சொல்லுவா, பராக்கு பாத்து அடி வாங்குனவன்னு."

"ஒனக்கு எப்பட்டி தெரியும், என் கண்ண..."

"சட்டைய ஊறப்போடும்போது சீட்டு இருந்துச்சு. பக்கத்துத் தெரு மருந்துக் கடையில காட்டிக் கேட்டேன். இன்னது இன்னதுன்னு சொன்னாக."

"அப்ப ஏன் ஏங்கூட ஏறுன? ஏன் சொல்லல?"

அவள் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

"ஒங்களத் தனியா விட்டா கொன்னுருவிய யாரையாவது. நான் இருந்தா ஒங்களுக்கு அந்தக் கண்ணு இருக்கும்னு நெனச்சேன். அஞ்சு மாசமா ஒரு ஆத்த, ஒரு கோபுரத்த நான் வண்டியிலேர்ந்து பாத்ததில்ல. ரோட்டு ஓரத்த மட்டுந்தான் பாத்தேன். வீட்டுக்கு வந்து வெளக்கு ஏத்தும்போது, இன்னைக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு கும்பிடுவேன். அன்னைக்கு அந்த மலை... அம்புட்டு அருவி. நாலு நிமிசம் இல்ல, நாலு விநாடி. ஆசயா இருந்துச்சு, பாத்துட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொன்னா நின்னுபோயிரும்லா? முப்பது வருசம் கழிச்சு என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போறிய. எனக்கும் ஆசதான். அதுக்குத்தான் நான் வாய மூடிக்கிட்டு, ரோட்டுல வாயத் தொறந்தேன். ரெண்டு பேரும் சேந்து செஞ்ச பாவம். ஒங்க மேல மட்டும் நான் பழி போட மாட்டேன்."

சோறு ஆறிவிட்டது. நான் அழுதேன். என் அப்பா செத்தபோது அழுதது, அதற்கப்புறம் இன்றுதான்.

பிள்ளை உள்ளே வரவில்லை. ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

ஜனவரி 22-ஆம் தேதி ஆஸ்பத்திரியில் எந்தச் சத்தமும் இல்லை. டாக்டர் சொன்னது முழுக்கக் காதில் விழுந்தது. "ஐயா, இடது பக்கம் உங்களுக்குப் பார்வை கிட்டத்தட்ட இல்லை. போனது திரும்பாது. இன்றையிலிருந்து வண்டியைத் தொடக் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னாள். புரிகிறதா என்று கேட்டாள். புரிகிறது என்றேன்.

21 ஜூலை, ஞாயிறு

பஸ்ஸில் போனோம், அந்தப் பிள்ளையின் ஊருக்கு. நான் மட்டும் போகிறேன் என்றேன், ஆவுடை விடவில்லை.

அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பழங்களை வாசலில் வைத்தேன். "ஆஸ்பத்திரிச் செலவுதான் குடுத்துட்டியள, பெறவென்ன?" என்றாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பிள்ளை மேல் தப்பில்லை, எனக்கு அந்தப் பக்கம் கண் தெரியாது, தெரியாது என்று தெரிந்துதான் ஓட்டிக்கொண்டு வந்தேன், ஆஸ்பத்திரியில் நான் சொன்னது பொய்.

அவள் கை நிற்கவில்லை. இரண்டு பீடி சுற்றி நூலைக் கட்டினாள். அப்புறம் உள்ளே பார்த்து, "ஏட்டி பேச்சி, இங்க வா" என்றாள். பிள்ளை வந்து கதவோரம் நின்றது. மாவுக்கட்டின் மேல் யாரோ பேனாவால் பூ வரைந்திருந்தார்கள்.

"எங்கிட்ட சொன்னத அவகிட்ட சொல்லுங்க."

பிள்ளையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "நீ ஓரமாத்தான்மா போன. தாத்தாவுக்குத்தான் கண்ணு தெரியல. ஆஸ்பத்திரியில நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "அன்னைக்கே சொன்னேம்லா" என்றது. அவ்வளவுதான். உள்ளே போய்விட்டது.

அம்மாவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். "தெரிஞ்சே ஓட்டிட்டு வந்தியளா? ஒங்களப் போலீசுல குடுத்தா என்ன?"

"குடுங்க. நானே வந்து சொல்லுதேன்."

"குடுத்து எனக்கு என்ன ஆவப்போவுது? மொதல்ல அந்த வண்டிய வீட்ட விட்டு அனுப்புங்க. இந்த ரோட்டுல எத்தன பிள்ளைய நடக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" ஆவுடை பக்கம் திரும்பினாள். "நீங்களும் பொம்பளதான?"

ஆவுடை கும்பிட்டாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. பழங்களை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். எடுத்துக்கொண்டு வந்தோம்.

2 ஆகஸ்ட், வெள்ளி

வள்ளியூர்க்காரர் ஒருவர் காரை எடுத்துக்கொண்டு போனார். தெரு முனையில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறார். சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு ஆவுடையோடு போனேன். அதே டாக்டர். என்னைப் பார்த்ததும், "வண்டி?" என்றாள். "இல்ல" என்றேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பேச்சிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆவுடை மருந்துக் கடை போனிலிருந்து விசாரித்தாள். அந்த அம்மா பேசியிருக்கிறாள். கை நேராக நீள்கிறதாம், முழுசாக மடங்க இன்னும் கொஞ்ச நாளாகுமாம். வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் வீட்டு போனிலிருந்து பேசவில்லை என்று ஆவுடையிடம் கேட்டேன். "நீங்க பக்கத்துல நின்னா என்னால பேச முடியாது" என்றாள்.

கேரமில் தோற்றேன். என் காயை அவள் தொட்டுக் காட்டவில்லை. இடது பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆட வேண்டியிருக்கிறது. கழுத்து வலிக்கிறது. பரவாயில்லை.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பாபநாசம். பஸ். அவள்தான் கேட்டாள், "ஏன், பஸ்ல வந்தா மலை வராதா?" என்று. புளிச்சோறு, துவையல், தண்ணீர் எல்லாம் ஒரே பையில். ஜன்னல் சீட்டில் அவளை உட்கார வைத்தேன். டிரைவருக்கு முப்பது வயசிருக்கும். கியர் மாற்றுவதே நமக்குத் தெரியவில்லை. நல்ல கை.

மலையைப் பார்க்கப் போகிறாள் என்று நானும் காத்திருந்தேன். முன்னீர்பள்ளம் தாண்டவில்லை, அதற்குள் அவள் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது.

டிரைவர்கள் நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்ளாத ஒன்று உண்டு. கண்ணாடியில் பார்க்கும்போது பின்னால் ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். நம்மை நம்பித் தூங்குகிறார்கள். கலெக்டர் மெடலெல்லாம் அதற்கப்புறம்தான். என் காரில் ஆவுடை எத்தனையோ ஞாயிறு வந்தாள். ஒரு நாள்கூடக் கண்ணை மூடியதில்லை. ஊர் பார்க்கிற ஆசை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீரவநல்லூர் தாண்டியதும் மலை தெரிய ஆரம்பித்தது. கம்பியில் இடிக்கிறதே என்று அவள் தலையை என் தோள் பக்கம் சாய்த்துக்கொண்டேன். விழிக்கவில்லை. கள்ளிடைக்குறிச்சியில் நிறையப் பேர் ஏறினார்கள், சத்தம் போட்டார்கள், அப்போதும் விழிக்கவில்லை. யாரோ ஒருவர் ஓட்டும் வண்டியில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தூங்கினாள்.

பாபநாசத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழுப்பினேன்.